கதிரையை விட்டு எழும்பாதவர்

பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்குவதற்கு இடையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

ஆர்த்திகா அப்போது டெக்காரி நெடுஞ்சாலையில் வடக்கே, வீட்டை நோக்கிக் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். மாலை வேளைதான். ஆனால் டிசம்பர் மாத மொன்ட்ரியாலில் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போதே இருட்டிவிடும். உப்பும் சேறும் கலந்த பனிக்கூழைத் துடைப்பான்கள் கண்ணாடியில் இங்குமங்கும் தள்ள, சூடாக்கியிலிருந்து தூசி கருகும் மணம் வர, முன்னால் போகும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் நகர மனமில்லாமல் நகர, அவள் வேலை செய்யும் வானொலி நிலையம் காருக்குள் தாழ்ந்த சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்த பிறகு அந்த ஸ்டூடியோவில் யாரும் இருப்பதில்லை. விடியும்வரை கணினிதான் பாட்டையும் விளம்பரத்தையும் மாறி மாறிப் போடும். கணினி இடைவெளி விடாது.

இன்று விட்டது. அந்த இடைவெளியில் கதிரையின் கிறீச்சொலி. அதன் பின்னால், பேசுவதற்காக ஓர் ஆண் வாய் திறந்து மூச்சை உள்ளே இழுக்கும் ஈரமான சிறு ஓசை. உடனே பனிக்கால டயர் விளம்பரம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அந்தக் கிறீச்சொலி அவளுக்குத் தெரியும். இடப்பக்கம் சாய்ந்தால் மட்டும் வரும். எட்டு வருடமாக அவள் சாய்ந்துவரும் கதிரை அது.

களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீடு வரும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அஹுன்ட்சிக்கில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் கதவைத் திறக்காமல் சற்று நேரம் இருந்தாள். அன்று மாலை மைக்கில் தான் கடைசியாகச் சொன்ன சொற்கள் நெஞ்சுக்குள் திரும்பத் திரும்ப வந்தன.

ஹார்பர் எஃப்.எம். இந்த நகரத்தின் ராக் வானொலி. எழுபதுகளின் நடுவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மேல்மாடியில், தலைமுடி வளர்த்த நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கியது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுவதுமாக, நடுவில் வாய் திறக்காமல் போடுவார்கள். ஆங்கிலத்தில் தொடங்கிய வாக்கியத்தைப் பிரெஞ்சில் முடிப்பார்கள். 'இந்தச் சத்தத்தை நிறுத்துங்கள்' என்று யாராவது பெரிய மனிதர் தொலைபேசியில் திட்டினால், அந்தத் திட்டையே நேரலையில் விட்டு அதன் பின்னால் இன்னும் உரத்த பாட்டாகப் போடுவார்கள். பிறகு ஒரு நிறுவனம் வாங்கியது. அதைவிடப் பெரியது அதனிடமிருந்து வாங்கியது. கை மாற மாற ஆட்கள் குறைந்து, கணினிகள் கூடி, இப்போது அங்கே உயிரோடு பேசுகிற குரல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாலைக் குரல் ஆர்த்திகாவுடையது.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று முகாமையாளர் அக்னெஸ், "உன் பெயர் யார் வாயிலும் நுழையாது, 'ஆர்ட்டி' என்று வைத்துக்கொள்வோமா?" என்று கேட்டாள்.

"நுழையும். நான் நுழைக்கிறேன்," என்றாள் ஆர்த்திகா.

நுழைத்தும் காட்டினாள். லவாலிலிருந்து வரும் லொறிக்காரர்கள்கூட இப்போது தொலைபேசியில் "பொன்சுவார், ஆர்-தி-கா" என்று மாலை வணக்கத்தோடு மூன்று படியாக ஏறி இறங்குவார்கள்.

நிலையத்துக்கு ஐம்பது வயது நிறைந்ததால், அதன் கதையை வாரம் ஒரு பகுதியாக அவள் சொல்லிவந்தாள். அன்றைய பகுதி, தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் உறைபனிப் புயல். அதை மட்டும் அவளால் ஊரார் கதையாகச் சொல்ல முடியவில்லை. அப்போது அவளுக்கு ஏழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டாவது குளிர்காலம். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைய, மின்கம்பங்கள் முறிந்து, நகரமே இருண்டுபோயிற்று. மொன்ட்ரியால்-நோர் அடுக்குமாடியில் அப்பா ஸ்ரீதரன் இருந்த கம்பளி எல்லாவற்றையும் ஓர் அறையில் விரித்து, எல்லோரையும் அதற்குள் அடைத்து, நடுவில் பற்றரி வானொலியை வைத்தார். அதில் தெளிவாக எடுத்தது ஒரேயொரு குரல். றெனோல்ட் என்ற அறிவிப்பாளருடையது. அவரை மாற்ற வேறெவரும் அந்தப் பனியில் வந்துசேர முடியாததால், நிலையத்தின் மின்பிறப்பாக்கியை நம்பி அவர் தனியே இருந்து பேசிக்கொண்டேயிருந்தார். எந்தத் தெருவில் மரம் சரிந்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் கணப்பு எரிகிறது, இடையில் ஒரு பாட்டு, பிறகு, "நான் இங்கேதான் இருக்கிறேன்." அந்த ஆங்கிலம் ஆர்த்திகாவுக்குப் பாதிதான் விளங்கியது. குரல் முழுவதும் விளங்கியது. புயல் முடிவதற்குள் றெனோல்டின் இதயம் நின்றுவிட்டது. மைக்குக்கு முன்னாலேயே இறந்து கிடந்தார்.

அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆரம்ப நாட்களில் அங்கே ஒரேயொரு கதிரை. ஒருவர் எழுந்து மற்றவர் அமர்வதற்குள் காற்றலை ஊமையாகிவிடக் கூடாது என்று பயந்து, போகிறவர் மைக் திறந்திருக்கும்போதே அடுத்தவரின் பெயரைச் சொல்லி, ஆங்கிலத்தில் "கதிரை உங்களுடையது" என்பார். அமர்ந்தவர் "இருந்துவிட்டேன்" என்பார். அதைக் காதால் கேட்ட பிறகுதான் முதலாமவர் அறையை விட்டு வெளியேறலாம். கேட்காதவரை அவருடைய வேலை முடியவில்லை. கணினி வந்த பிறகு அந்த வழக்கம் அற்றுப்போயிற்று. கணினிக்கு எதற்குக் கதிரை?

அன்று புயலின் கதையைச் சொல்லி முடித்ததும் அந்தப் பழைய வழக்கம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று, மைக் திறந்திருக்க, அவள் சொன்னாள்:

"றெனோல்ட், கதிரை உங்களுடையது."

விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டாள். பதிலுக்காக நிற்கவில்லை.

*

மறுநாள் மதியம், வேலை தொடங்குமுன், தன் பேச்சைக் கேட்டுப்பார்க்க உட்கார்ந்தாள். ஸ்டூடியோவில் அதற்கென்று ஒரு பதிவுக் கருவி உண்டு. மைக் திறந்திருக்கும்போது மட்டும் ஓடும், மூடியதும் நின்றுவிடும். பாட்டு அதில் விழாது. பேச்சு மட்டும் துண்டு துண்டாக விழும். அவளுடைய கடைசித் துண்டுக்குப் பின்னால் இன்னொரு துண்டு இருந்தது.

ஹெட்போனை மாட்டினாள்.

ஆளில்லாத அறையின் ஓசை. குழாய்களில் வெந்நீர் முனகியது, கூரைக்கு மேலே காற்று நடந்தது, அவற்றுக்கும் அப்பால், தொலைவில், ஆயிரம் கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசுவதுபோல ஒரு சலசலப்பு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவளுக்குள் இருந்த ஏழு வயதுப் பிள்ளைதான் முதலில் கண்டுபிடித்தது. உறைந்த மரக்கிளைகள் காற்றில் ஆடும் ஒலி. அவள் தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்தாள். வெளியே மரங்கள் கறுத்து, ஈரமாக, சத்தமில்லாமல் நின்றன. ஒரு கிளையிலும் பனிக்கட்டி இல்லை.

கிறீச்.

மூச்சு.

"இருந்துவிட்டேன்."

ஹெட்போனைக் கழற்றினாள். காதில் பட்டிருந்த பஞ்சு குளிர்ந்துபோயிருந்தது.

அக்னெஸிடம் போட்டுக் காட்டினாள். அக்னெஸ் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பழைய ஒலிநாடாவிலிருந்து வெட்டி ஒட்டினாயா? நன்றாக இருக்கிறது," என்றாள்.

"நான் ஒட்டவில்லை."

"அப்படியே சொல்லிக்கொள். மர்மம் நல்லது. கேட்பவர்களுக்குப் பிடிக்கும்."

பிடித்தும் போயிற்று. அன்று மாலையிலிருந்து, ஆர்த்திகா புறப்பட்டுப் போன பிறகு, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அந்தக் குரல் வந்தது. முதலில் ஒரு சொல். பிறகு ஒரு வாக்கியம். பிறகு ஒரு முழு அறிக்கை. சேர்ப்ரூக் தெருவில் மின்கம்பி அறுந்து கிடக்கிறது, யாரும் வெளியே வராதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன். நிறுத்தச் சொல்லி ஆர்த்திகா கேட்டாள். வந்து குவிந்த பாராட்டுகளைத் திரையில் காட்டி அக்னெஸ் சிரித்தாள். மற்றக் கேட்பவர்களுக்கு அது பழைய பதிவு. ஆர்த்திகாவுக்கு மட்டும், ஒவ்வொரு மதியமும் ஸ்டூடியோவுக்குள் நுழைகையில், மூலையில் தான் தள்ளிவிட்டுப் போன கதிரை மைக்கைப் பார்த்தபடி நிற்பது தெரியும். அவள் அதில் உட்காருவதை விட்டுவிட்டாள். முழு நேரமும் நின்றபடியே பேசினாள். கால் கடுத்தது. கடுக்கட்டும்.

*

அந்த வாரம் வியாழக்கிழமை மாலை. சமையலறையில் கணவன் சாரங்கன் புட்டு அவித்துக்கொண்டிருந்தான். விமான நிலையத்தில் அவனுக்குக் காலை வேலை என்பதால் மாலைச் சமையல் அவனுடையது. நீராவியில் தேங்காய்ப்பூ மணத்தது. நாலு வயது மகள் ஹம்சினி மேசையில் கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் மேலே வானொலி. ஆர்த்திகா உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அந்தக் குரல் தொடங்கியது.

"உம்மடை ஆள் வந்திட்டார்," என்றான் சாரங்கன்.

"என்ரை ஆள் இல்லை. நிப்பாட்டுங்கோ அதை."

"ஏனப்பா, பாவம். வெளியிலை ஒரு துளி மழை இல்லை, இந்தாள் ஐஸ் கொட்டுது எண்டுறார். வெதர் ஆப் பார்க்கத் தெரியாதுபோலை."

"சாரங்கன், பகிடி விடாதேங்கோ."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வானொலியை நோக்கி எட்டினான். அதற்குள் குரல் தாழ்ந்தது. அறிக்கை வாசிக்கும் தொனி போய், பக்கத்தில் நிற்பவரிடம் பேசும் தொனி வந்தது.

"ஆர்த்திகா."

மூன்று படியாக ஏறி இறங்கவில்லை. அவளுடைய அம்மா கூப்பிடுவதுபோல, சுத்தமாக.

"ஆர்த்திகா, கதிரை உன்னுடையது."

பிறகு அமைதி. பாட்டு வரவில்லை. விளம்பரம் வரவில்லை. அந்த அமைதிக்குள் கண்ணாடிக் கிளைகள் உரசின. பதிலுக்காக ஒருவர் காத்திருந்தார். தன் நாக்கு தானாக எழும்புவதை ஆர்த்திகா உணர்ந்தாள். வருடக்கணக்கான பழக்கம்போல, கேட்டால் சொல்ல வேண்டியதுதானே என்பதுபோல, அந்தப் பதிலின் முதற்சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நாக்கைக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது.

"அம்மா, அந்த மாமா உங்களைக் கூப்பிடுறார்," என்றாள் ஹம்சினி.

"கூப்பிடட்டும்."

"பெரியாக்கள் கூப்பிட்டா என்னெண்டு கேக்கோணும். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"இவருக்குக் கேக்கத் தேவையில்லை, குஞ்சு. நீங்கள் சாப்பிடுங்கோ."

அவளே போய் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். வானொலியின் பச்சை விளக்கு அணைந்தது. அந்த வானொலியில் பற்றரி இல்லை.

"ஆர்த்திகா," என்றது வானொலி.

சாரங்கனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. அவன் வானொலியைத் தூக்கிக்கொண்டு போய், பல்கனிக் கதவைத் திறந்து, வெளியே பனிக்குள் புதைத்துவிட்டு வந்தான். வந்து கையைக் கழுவினான். மறுபடியும் கழுவினான்.

"ஆர்த்தி, இனி உங்கை வேலைக்குப் போகாதேயும்," என்றான்.

"நான் போகாட்டி?"

"போகாட்டி என்ன?"

"போகாட்டியும் அவர் இஞ்சை வருவார். என்ரை பிள்ளை சாப்பிடுற இடத்துக்கு. அதுக்கு நான் விடமாட்டன்."

*

மறுநாள் அவள் ஹென்றியைத் தேடிக் கட்டடத்தின் நிலவறைக்கு இறங்கினாள். ஓய்வுபெற்ற பொறியியலாளர். ஆனாலும் அந்தப் பழைய இயந்திரங்களைத் தொட வேறு ஆளில்லாததால் கிழமைக்கு இரண்டு தடவை வருவார். கருவிகளின் சூட்டில் சாய்ந்து சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரெஞ்சும் ஆங்கிலமும் பாதிப் பாதியாக அவர் வாயில் வரும்.

"நீ அதைச் சொன்னபோது நான் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்," என்றார். "சூப்பைக் கீழே கொட்டிவிட்டேன். நல்ல சூப்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவனைக் கண்டுபிடித்தது நான்தானே. பனியில் தவழ்ந்து வந்தேன். கோட்டுப் பையில் சின்ன ரேடியோ. படியேறும்வரை அதில் பேசிக்கொண்டே இருந்தான். கதவைத் திறந்தேன். கை விறகுக் கட்டைபோல இருந்தது. தாடியில் பனி பூத்திருந்தது. இறந்து இரண்டு நாளாவது இருக்கும் என்று வைத்தியர் பிறகு சொன்னார்." ஒரு கடி கடித்து மென்றார். "உள்ளே போனதும், 'ஹென்றி, கதிரை உன்னுடையது' என்றது. வாய் அசையவில்லை."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. நான் பொறியியலாளன். மைக்கில் பேசுவது என் வேலையில்லை. மைக்கின் இணைப்பை மட்டும் வெட்டி, ஓர் இசைத்தட்டை ஓடவிட்டேன். சத்தம் நின்றது. நீ கூப்பிடும்வரை நின்றேயிருந்தது."

"யாராவது இருந்துவிட்டேன் என்று சொன்னால்தான் எழும்புவாரா?"

"வழக்கம் அதுதானே, மகளே."

ஆர்த்திகா இயந்திரங்களைப் பார்த்தாள். சிறு விளக்குகள் நூற்றுக்கணக்கில், ஒன்றும் இமைக்காமல், அவளையே பார்த்தன.  பயத்தின் மேலே கோபம் எரிந்தது. கோபம்தான் நல்ல துணை என்று அவளுக்குப் பட்டது.

"வழக்கம் போட்டதும் மனிதர்தான். முடிக்கிறதும் மனிதர்தான். பழைய காலத்தில் நிலையங்களை இரவில் மூடுவார்களே. வணக்கம் சொல்லி, அடுத்த ஆளே இல்லாமல், வெறுங்கதிரையை விட்டுப் போவார்களே."

"இந்த நிலையம் ஒருநாளும் மூடியதில்லை. ஐம்பது வருடம். அதுதான் இவர்களுடைய பெருமை."

"இன்றைக்கு மூடும். நான் சொல்லி முடித்ததும் எல்லாவற்றையும் வெட்டுங்கள்."

"அக்னெஸ் உன்னை வீட்டுக்கு அனுப்புவாள்."

"வீட்டுக்குத்தானே."

ஹென்றி சாண்ட்விச்சின் மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றினார். சிரித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் கையுறையை எடுத்து மாட்டினார்.

*

அன்று மாலை அவள் நின்றபடியே தன் நேரத்தை முடித்தாள். கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டூடியோ விளக்குகள் மஞ்சளாகத் தாழ்ந்தன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நடைபாதை, அதற்கு அப்பால் யன்னல், அதற்கு அப்பால் இருட்டு. அக்னெஸ் போய்விட்டாள். கட்டடத்தில் அவளும், கீழே ஹென்றியும் மட்டும். குளிர் கதவிடுக்கால் வரவில்லை. கதிரை இருந்த பக்கமாக வந்தது. பழைய கம்பளியும் ஆறிப்போன கோப்பியும் கலந்த ஒரு மணம் அதனோடு வந்தது.

பாட்டு முடிந்தது. மைக்கைத் திறந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"றெனோல்ட்," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "நான் ஆர்த்திகா. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது இருட்டில் நீங்கள் பேசினீர்கள். நாங்கள் உயிரோடு விடியலைக் கண்டோம். அதற்கு என் நன்றி. ஆனால் புயல் முடிந்துவிட்டது. மின்சாரம் வந்துவிட்டது. நீங்கள் பார்த்துக்கொள்ள இனி யாரும் இருட்டில் இல்லை. உங்கள் நேரம் முடிந்தது."

கதிரை கிறீச்சிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தக் கதிரையை நான் வாங்கமாட்டேன். யாருக்கும் கொடுக்கவும் விடமாட்டேன். இது வெறுமையாகவே இருக்கும்."

"ஆர்த்திகா," என்றது ஹெட்போனுக்குள். பக்கத்தில். மிகவும் பக்கத்தில். "கதிரை உன்னுடையது."

நாக்கு எழும்பியது. அவள் அதை ஆங்கிலத்திலிருந்தே இழுத்துக்கொண்டு, அந்த நிலையத்தின் ஐம்பது வருடத்தில் ஒருபோதும் ஒலித்திராத தன் மொழிக்குள் பாய்ந்தாள். இங்கே நீ வரமுடியாது என்று நினைத்தாள்.

"எழும்புங்கோ. எழும்பிப் போங்கோ. என்னைக் கூப்பிட்டது காணும். என்ரை வீட்டிலை ஹம்சினி எண்டு ஒரு குஞ்சு இருக்கு. அது சாப்பிடுற இடத்திலை இனி உங்கடை சத்தம் கேக்கக் கூடாது. நான் சொல்லிப்போட்டன். போங்கோ. ஹார்பர் எஃப்.எம். இத்தோடை மூடுது. வணக்கம்."

மேசையை ஓங்கித் தட்டினாள். கீழே ஹென்றி அதை ஒலிபெருக்கியில் கேட்டார்.

முதலில் திரைகள் கறுத்தன. ஒலி அளவுமானியின் ஊசி சரிந்து பூச்சியத்தில் விழுந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் எதுவும் ஓடவில்லை. கண்ணாடிக் கிளைகள் இல்லை. மூச்சு இல்லை. அவளுடைய இதயம் மட்டும், நாய்க்குட்டி கதவைப் பிறாண்டுவதுபோல.

உள்பேச்சுக் கருவி கரகரத்தது. அதற்குத் தனிப் பற்றரி. "எல்லாம் வெட்டியாயிற்று," என்றார் ஹென்றி. "மேலே என்ன நிலை?"

"வெறும் அறை," என்றாள். சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. "ஹென்றி, வெறும் அறை."

கைத்தொலைபேசி அதிர்ந்தது. சாரங்கன்.

"முடிஞ்சுதப்பா," என்றாள் எடுத்தவுடனே. "மூடிப்போட்டன். நான் இப்ப வாறன்."

"ஆர்த்தி." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ரேடியோ வெளியிலை பனிக்குள்ளைதான் கிடக்கு. நான் போய்ப் பாத்தன். ஆனா சத்தம் கேக்குது. சமையலறையிலை கேக்குது. பிள்ளை சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

"சத்தம் என்ன சொல்லுது?"

"தமிழிலை கதைக்குது."

அவள் காதுகொடுத்துக் கேட்டாள். தொலைபேசிக்கு அப்பால், சமையலறைக்கு அப்பால், கண்ணாடிக் கிளைகளின் சலசலப்புக்கு நடுவில், ஒரு கிழட்டு ஆண்குரல். அவளுடைய ராகத்தில். அவள் சற்றுமுன் மைக்கில் விட்ட அதே யாழ்ப்பாண இழுப்பில்.

"ஹம்சினிக் குஞ்சு, கதிரை உங்கடை."

"சாரங்கன், அவளின்ரை வாயைப் பொத்துங்கோ."

காலடி. சமையலறைக் கதிரையொன்று விழுந்தது. "ஹம்சினி, இஞ்சை பாரம்மா, அப்பாவைப் பார்..."

"இருந்திட்டன்," என்றாள் ஹம்சினி. மரியாதையாக.

ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மின்சாரமே இல்லாத மேசையில் ஊசி துடித்து எழுந்தது. மைக்கைத் தாங்கும் நீண்ட இரும்புக் கை, ஆர்த்திகாவின் கண்ணெதிரே, அவசரமில்லாமல் கீழே இறங்கியது. அவளுடைய வாயின் உயரம். மார்பின் உயரம். இன்னும் கீழே. ஒரு சின்னப் பிள்ளையின் வாய் இருக்கும் உயரத்தில் நின்றது.

கதிரையின் மெத்தை கொஞ்சம் அமிழ்ந்திருந்தது. கொஞ்சம்தான்.

"ஹம்சினி?" தொலைபேசியில் சாரங்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "கண் திறந்திருக்கு, ஆர்த்தி. கூப்பிட்டா திரும்புறாள் இல்லை. கை குளிருது. ஆர்த்தி, கை ஐஸ் மாதிரிக் குளிருது."

அவள் யோசிக்கவில்லை. தொலைபேசியை மேசையில் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்தாள். அமர்ந்தாள். மடியில் பாரம். எத்தனையோ இரவுகள் தூக்கித் திரிந்த அதே பாரம். சின்னத் தலையொன்று அவள் மார்பில் சாய்ந்தது. தலைமுடியில் குழந்தைச் சவர்க்காரம் மணத்தது. இரண்டு கைகளாலும் அணைத்தாள். கைகளுக்குள் எதுவும் தெரியவில்லை. ஆனால் கைகள் மூடவும் இல்லை.

எதிரே கண்ணாடிச் சுவரில் அவளுடைய பிம்பம் தெரிந்தது. மடி வெறுமை. கதிரைக்குப் பின்னால் ஒருவர் நின்றார். எழும்பிவிட்டார். கோட்டு மாட்டியிருந்தார். தோளில் உருகாத பனி. போகவில்லை. கதிரையின் முதுகில் கையை வைத்து, குனிந்து, அவள் களைப்பதற்காகக் காத்து நின்றார்.

ஆர்த்திகா மைக்கைப் பிடித்து மேலே, தன் வாய்க்கு இழுத்தாள். அது வர மறுத்தது. அவள் விடவில்லை. வந்தது.

"இது ஆர்த்திகா," என்றாள். "என்ரை பிள்ளையும் நானும் இருக்கிறம். இந்தக் கதிரை வேறை ஆருக்கும் இல்லை."

மடியில் இருந்த பாரம் மூச்சு விட்டது.

அவள் பேச்சை நிறுத்தினாள். மடியில் அந்த மூச்சும் நின்றது.

அவள் மறுபடியும் பேசத் தொடங்கினாள். மேசையில் கிடந்த தொலைபேசியில் சாரங்கன் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான், யன்னலுக்கு வெளியே மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையத் தொடங்கியிருந்தது, பின்னால் நின்றவர் தோளுக்கு மேலாக இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவள் பேசிக்கொண்டேயிருந்தாள்.